பல் பதிந்த ஈயம்

மச்சாள்,

மழை விட்டதென்று இன்று பழைய வலையைப் பிரித்து வெயிலில் போட்டேன். அடிக்கயிற்று ஈயத்துண்டு ஒன்றில் உன் பல் பதிந்திருந்தது. உன் முன்பற்களுக்கு நடுவே இருந்த இடைவெளிகூட அப்படியே விழுந்திருந்தது. அங்கேயே குந்தியிருந்து அழுதேன்.

மண்டபம் அகதி முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது நம் காணியின் பின்னால் அந்த மண்மேடு நின்றது. ஆமிக்காரர் சுட்டுப் பழகிய மேடு. அவர்கள் போய்விட்டார்கள், அவர்கள் சுட்ட ஈய ரவைகள் மண்ணுக்குள் கிடந்தன. வலைக்கு ஈயம் வாங்க வக்கில்லாத நமக்கு அது புதையல். நீ மண்ணை அரிக்க, நான் தாச்சிச் சட்டியில் உருக்கினேன். "மாதா கண் திறந்திட்டா, பாரடி!" என்று சிரித்தாய். குறடு எடுக்கப் பஞ்சிப்பட்டு, ஈயத்தைக் கயிற்றில் சுற்றிப் பல்லாலேயே கடித்து இறுக்குவாய்.

மேட்டடியில் வெட்டிய கிணற்றிலும் தண்ணீர் உப்புக் கரிக்கவில்லை. உனக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு போத்தலில் தண்ணீர் அள்ளிப்போய்ச் சோதித்தவர்கள் வந்து, "மாரி மழையோட மேட்டு ஈயம் கரைஞ்சு கிணத்துக்க இறங்குது. குடிக்காதேங்கோ" என்றார்கள். நீ சீறினாய். "நாங்கள் ஓடேக்க ஒருத்தரும் ஒரு வாய் தண்ணி தரேல்லை. இப்ப எங்கட கிணத்தை மூட வந்திட்டினம்!"

நான் பவுசர் வண்டித் தண்ணீருக்கு வரிசையில் நின்றேன். நீ வீம்புக்குக் கிணற்றுத் தண்ணீரையே குடித்தாய். வயிற்றுவலி வந்தது. கை நடுங்கி, ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனது. கடைசியில் உன்னைத் தூக்கிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம்; நீ உயிரோடு திரும்பவில்லை. ஈயத்தாலா, வேறெதாலா என்று டொக்டர் அறுதியாகச் சொல்லவில்லை. நானோ அந்தக் கிணற்றுப் பக்கமே போவதில்லை.

இன்று நான் அழுதுகொண்டிருக்க, உன் மகள் வந்து பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு இப்போது வயிற்றில் பிள்ளை. கதைத்தபடியே, கயிற்றில் தளர்ந்து கிடந்த ஓர் ஈயத்துண்டைக் கடித்து இறுக்க வாய்க்குக் கொண்டுபோனாள்.

"வாயில வைக்காதையடி!" என்று கத்தி, அவள் கையைத் தட்டிவிட்டேன்.

மிரண்டுபோனாள். "என்ன மாமி, அம்மாவும் இப்பிடித்தானே கடிக்கிறவ?"

"ஓம் பிள்ளை. அதாலதான் சொல்லுறன்" என்று குறட்டை அவள் கையில் வைத்தேன்.

உன் பல் பதிந்த துண்டை மட்டும் கழற்றி எடுத்தேன். கடலில் எறிய மனம் வரவில்லை. மண்ணில் புதைக்கப் பயமாக இருக்கிறது, மச்சாள். கைக்குள்ளேயே பொத்தி வைத்திருக்கிறேன்.