வெள்ளிக்கிழமை எண்ணெயும் வழுக்கிய கம்பமும்

வெள்ளி, இரவு.

எலும்பு மெலிந்து வருகிறது, உடல் எடையைத் தாங்கும் பயிற்சி எதையாவது செய்யுங்கள் என்றார் டாக்டர். கம்ப நடனத்தை அவர் நினைத்திருக்க மாட்டார். இன்று மாலை காஜா பெராங்கில் ஒரு கடைவீட்டு மாடியில் நடக்கும் வகுப்பில் சேர்ந்தேன். கம்பத்தைப் பிடித்துக் காலைத் தூக்கியதுமே வழுக்கிக் கீழே உட்கார்ந்தேன்.

"என்னா டீச்சர், எண்ணெ தேச்சுக் குளிச்சிட்டா வந்தீங்க? கம்பம் எப்படி லா பிடிக்கும்?" என்று பயிற்சியாளர் கவிதா சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை வழக்கம். யோசிக்கவே இல்லை. கைகால்களை அழுந்தத் துடைத்த பிறகு, ஒரு மூச்சு நேரம் தரையில் படாமல் தொங்கினேன்.

வீட்டில் யோகா என்றுதான் சொல்லியிருக்கிறேன். முழங்காலில் கன்றியதைச் சேலை மறைத்துவிடும். அடுத்த வெள்ளி எண்ணெய் காணாத தலையை மாமியார் பார்த்துவிடுவார். யோகாவுக்கு எண்ணெய் ஆகாது என்றால் நம்புவாரா? நானாக இருந்தால் நம்பமாட்டேன்.

ஆனாலும் போவேன்.