படம் போட்டாலும் தப்பு, போடாவிட்டாலும் தப்பு

மார்ச் 3, செவ்வாய்

பல் கிளினிக்குகளுக்கான எங்கள் அப்பாயின்ட்மென்ட் சாஃப்ட்வேருக்குக் கையேடு எழுதி முடித்தேன். வரிக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட். 'ஓகே'யை அழுத்தச் சொல்வதற்குக்கூடப் படம்! எங்கள் ஊர் பிளானோவிலேயே அழகான கையேடு இதுதான்.

மார்ச் 5, வியாழன்

டிசைன்காரர்கள் பச்சை பட்டன்களை நீலமாக்கி, மெனுவை இடதிலிருந்து வலதுக்குத் தள்ளிவிட்டார்கள். என்னிடம் ஒரு வார்த்தை? என் படங்கள் அத்தனையும் இப்போது பொய். மேனேஜர் பெனிஷ் எட்டிப் பார்த்து, "விஷாகா, திங்கக்கிழமை ரிலீஸ். மேனேஜ் பண்ணிடுவீங்கல்ல?" என்றார்.

மார்ச் 6

கோபத்தில் எல்லாப் படங்களையும் தூக்கிவிட்டேன். எழுத்து போதும். படிக்கத் தெரியாதவர்களா என்ன?

மார்ச் 10, செவ்வாய்

போதவில்லை.

பக்கத்து ஊர் ஃபிரிஸ்கோவில் இருக்கும் பல் கிளினிக் ரிசப்ஷனிலிருந்து ஷைனா என்ற பெண் ஃபோன் பண்ணினாள். அழுகிற குரல். "மேடம், பாக்ஸ் ஐகானை கிளிக் பண்ணுன்னு போட்டிருக்கீங்க. இங்க ரெண்டு பாக்ஸ் இருக்கே! ஒண்ணை கிளிக் பண்ணேன். இன்னைக்கு அப்பாயின்ட்மென்ட் மொத்தமும் கேன்சல். டாக்டர் சும்மா உக்காந்திருக்காரு!"

திறந்து பார்த்தேன். ஒன்று சேமிக்கும் பெட்டி, மற்றது குப்பைத்தொட்டி. எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. ஐயோ, இந்தப் பொண்ணு வேலை போயிடுமோ? அப்ப என் வேலை? — டாக்டரிடம் நானே பேசி, தப்பு கையேட்டில்தான் என்றேன். "ஓகே, ஃபிக்ஸ் பண்ணுங்க" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 11

ஃபிரிஸ்கோவுக்கே போய் ஷைனா பக்கத்தில் உட்கார்ந்தேன். பெயர் எழுதிய பட்டன்களைத் தானாகவே கண்டுபிடிக்கிறாள். பெயரில்லாத ஐகான் வந்தால்தான் கை அந்தரத்தில் நிற்கிறது. அங்கே படம் வேண்டும். அதுவும் முழுத் திரை வேண்டாம். திரையில் அந்த ஐகான் இருக்கும் வரி மட்டும், ஒரு சிவப்பு வட்டத்தோடு.

பெனிஷ், "மொத்தமே நாலு படம்தானா?" என்றார்.

"கை நின்னது நாலு இடத்துலதான்."

மார்ச் 20, வெள்ளி

ஷைனா ஃபோன். பயந்துகொண்டே எடுத்தேன்.

"புது கையேடு சூப்பரா இருக்கு மேடம். புதுசா சேர்ந்த பொண்ணுகூட தானா பண்ணிட்டா. படத்தை பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டிட்டோம். ஆனா அதுல பேஷன்ட் பேரு முகுந்த், பிராப்ளம் குறட்டைன்னு இருக்கே... காலைல பல் கிளீன் பண்ண வந்த ஒரு முகுந்த் அதையே பாத்துக்கிட்டு நின்னாரு. உங்க ஹஸ்பெண்டாமே?"

சாயங்காலமே முகுந்த் தன் தலையணையை ஹாலுக்குக் கொண்டுபோய்விட்டார். "அது சும்மா டெஸ்டுக்குப் போட்ட பேரு" என்றேன். நம்பவில்லை.

கல்யாணம் ஆனதிலிருந்து கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் அவர் ஒரு வரி படித்தது இதுதான் முதல் தடவை.