அடிப்பிடித்த வாசம்

அன்புள்ள ஜீவிதா,

நீயும் அம்மாவும் சுகந்தானே? மெல்போர்னில் எனக்கு ஒரு குறையுமில்லை.

நேற்று ஒரு வீட்டில் பீர் காய்ச்சும் கரண்ட் மிஷின் பாதியில் நின்றுவிட்டதென்று பழுது பார்க்கப் போனேன். (அம்மாவிடம் கஞ்சி மிஷின் என்றே சொல்.) மூடியைத் திறந்ததும் பார்லி ஆவி முகத்தில் அடித்தது. செத்த நேரம் எரியோடு ஊரில் நம்ம வீட்டு அடுப்படியில் நிற்கிற மாதிரியே இருந்தது. நீ முதுகு காட்டிக் கூழ் கிண்டிக்கொண்டிருந்தாய்.

வீட்டுக்காரர் என்ன பழுது என்று கேட்டார்.

"அடிப்பிடிச்சிருச்சு ஜீவி, கிண்டாம எங்க போன?" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். பாவம், விழித்தார்.

அடியில் பார்லி மாவு தீய்ந்து, சூடு தாங்காமல் மிஷின் தானாக நின்றிருக்கிறது. கம்பி நாரால் தேய்த்தால் கீறல் விழும். தேங்காய் நார் அனுப்பு.

வேலைக்குக் கூட்டிப்போக வண்டி வந்துவிட்டது. புது நார் வேண்டாம், நீ பாத்திரம் தேய்க்கிறதையே அனுப்பு.

பாண்டியராஜ்