குறை கண்டவர்கள் சொல்லலாம்

மச்சாள்,

கமுகம்பாளையைப் பிளந்ததும் ஒரு வாசம் வருமே, அது இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை. சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக் கழுவியும் பார்த்துவிட்டேன். ஊருக்கெல்லாம் அது கோயில் வாசம். எனக்கு அது உன் இரத்தத்தின் வாசம். அன்றைக்கு மண்டபத்தில் உன் தலை மோதிய இடத்தில் கும்பத்துக்கு வைத்திருந்த பாளை சிதறிக் கிடந்தது. வெள்ளைப் பூமணிகள் என் கண் முன்னாலேயே சிவந்தன. அதற்குப் பிறகு எத்தனை சடங்கு வந்து போனாலும், பாளையைக் கண்டால் எனக்கு யாரையாவது அடிக்க வேண்டும் போல இருக்கும். இன்றைக்கு அடித்துவிட்டேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அன்றைக்கு நீ கேள்வி கேட்டாயே, அவருக்கு மறுபடியும் பதவி கிடைத்திருக்கிறது. அப்போது பிரதி அமைச்சர், இப்போது முழு அமைச்சர். உன்னைச் சாகடித்ததற்குப் பதவி உயர்வு என்று நான் சொன்னால் நீ சிரிப்பாய். உனக்கு எப்போதும் சிரிக்கக் கூடாத இடத்தில்தான் சிரிப்பு வரும்.

முதல் தடவை அவர் பெயர் வானொலியில் வந்தபோது நாம் இருவரும் ஆற்றங்கரையில் உட்கார்ந்து வலையில் சிக்கிய நண்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தோம். வாவி என்று புத்தகத்தில் எழுதுவார்கள், நமக்கு அது ஆறுதான். நான் அவர் பக்கம் நின்று வாதாடினேன். "படிச்ச மனிசன்கா. நம்மட பக்கத்து ஆள். இந்தக் குழி றோட்டையாவது போட்டுத் தருவார்" என்றேன். அந்த றோட்டில்தான் வாகனத்துக்குள்ளேயே எனக்குப் பிள்ளை பிறந்தது. எனக்கு றோட்டுத்தான் பெரிது.

நீ ஒரு நண்டின் காலை முறுக்கிப் பிடுங்கினாய். "படிப்பையா கேட்ட நான்? ஆளக் கேட்டன். வாசிக்கத் தெரியாதவனும் வெட்டுவான், வாசிக்கத் தெரிஞ்சவனும் வெட்டுவான். தம்பிட கையப் பாத்திட்டு மறுகா சொல்லு" என்றாய்.

உன் தம்பியின் வலது கையில் பெருவிரல் மட்டும்தான் மிச்சம். ஆற்றோரத்தை வளைத்து அவர் போட்ட இறால் பண்ணையின் வேலியில் தம்பியின் வலை சிக்கியது. எடுக்கப் போனவனின் கையைத் தோணி விளிம்பில் அழுத்திப் பிடித்து, காவல்காரர்கள் கத்தியை இறக்கினார்கள். முதலாளி சொல்லித்தான் செய்கிறோம் என்று அவனுக்குச் சொல்லிவிட்டே வெட்டினார்கள். சாட்சி இல்லை என்று வழக்கு நின்றுபோனது. பிறகு அந்த முதலாளிதான் பிரதி அமைச்சரானார்.

நம் கோயிலில் வண்ணக்கராக ஒருவரை நியமிப்பது அவ்வளவு லேசல்ல. கோயில் பொறுப்பை ஏற்க வருகிறவர் வெறும் தோளோடு அம்மன் முன்னால் நிற்க வேண்டும். பழைய வண்ணக்கர் சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு, "குறை கண்டவங்க சொல்லலாம்" என்று சபையைக் கேட்பார். யாரும் எழும்பலாம். வெல்லாவெளிப் பக்கத்து வயல்வட்டையில் மற்றவன் வேளாண்மைக்குள் எருமையை விட்ட ஒருவருக்குச் சால்வை கிடைக்காமல் போனது உனக்கு நினைவிருக்கும். மாமியாரைக் கைநீட்டி அடித்தவர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினார். ஆனால் பெண்கள் எழும்புவதில்லை, கணவன் வாயாலோ சகோதரன் வாயாலோ சொல்வோம். அதைத்தான் நீ கிண்டிக்கொண்டே இருப்பாய்: "குடியும் வம்சமும் தாய்வழி வருது. கேள்வி மட்டும் ஏன்கா ஆம்பிள வாயால வரணும்?"

அவர் பிரதி அமைச்சராகிக் கோயிலுக்கு வந்த அன்றைக்கு, வரவேற்க மேளம், பூரண கும்பம், மாலை எல்லாம் வந்தன. சபையைக் கேட்காமலே வண்ணக்கர் அவருக்குக் கட்டச் சால்வையைத் தூக்கினார். அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து உன் குரல் கேட்டது.

"குறை கேட்டாச்சா?"

மேளம் நின்றது. "கோயில் வண்ணக்கருக்கு இவ்வளவு கேக்கிறீங்க. நாட்டையே ஆளப் போறவருக்கு ஒண்டும் கேக்க மாட்டீங்களா? என்ட தம்பிட விரல வெட்டச் சொன்னது நீங்களா இல்லையா, அத மட்டும் அம்மனுக்கு முன்னால சொல்லுங்க. மறுகா சால்வையக் கட்டுங்க."

அவர் சிரித்தார். "அம்மாவுக்கு வெயில் ஏறிட்டுது" என்றார். அவருடைய ஆட்களுக்கு அது போதும். உன் கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள். நீ ஒருவனின் மணிக்கட்டைக் கடித்தாய், சதை பிய்ந்து வந்தது. நான் உன் இடுப்பைக் கட்டிக்கொண்டு மறுபக்கம் இழுத்தேன். என் விலாவில் உதை விழுந்தது, பிடி தளரவில்லை. பொல்லுத்தடி உன் பின்தலையில் இறங்கிய சத்தம் என் நெஞ்சுக்குள் கேட்டது, அவ்வளவு கிட்ட இருந்தேன். நீ பாளை மேல் விழுந்தாய். வண்ணக்கர் அவருக்குச் சால்வையைக் கட்டினார்.

ஆஸ்பத்திரியில் உனக்கு ஒரு தடவைதான் நினைவு திரும்பியது. உடைந்த பல்லோடு, "பதில் சொல்லல்லகா" என்றாய். பிறகு, "மறுகா கேக்கணும்." திரும்பக் கேட்கச் சொன்னாய், அவ்வளவுதான் நீ பேசியது. சன நெரிசலில் விழுந்து இறந்ததாகப் பொலிசில் எழுதிக்கொண்டார்கள்.

இன்றைக்கு அம்மனுக்கு நெல் குற்றும் நாள். சனம் கூடும் என்று அந்த நாளையே பார்த்து அவரைக் கூட்டிவந்தார்கள். புத்திசாலிகள். ஆனால் அன்றைக்குப் பெண்கள் எல்லோர் கையிலும் உலக்கை இருக்கும் என்பதை யோசிக்கவில்லை. அது கோயில் வழக்கம், யாரும் குற்றம் சொல்ல முடியாது.

அதே வண்ணக்கர்தான், மிகவும் தளர்ந்துவிட்டார். சால்வையைத் தூக்கியதும் நான், "குறை கேட்டாச்சா?" என்றேன். என் குரல் உன் குரல் போல இல்லை, கீச்சென்று வந்தது. ஆனாலும் கேட்டுவிட்டது. அவர் கை நின்றது. நீ விழுந்த இடத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு, "குறை கண்டவங்க சொல்லலாம்" என்றார். சபை முழுதும் கேட்கச் சொன்னார்.

உன் தம்பி கையை உயர்த்தினான். விரல் போன அந்தக் கையை அப்படியே வைத்திருந்தான்.

"நான் ரெண்டு பட்டம் எடுத்தவன்" என்றார் அமைச்சர். "நாட்டுத் தலைவரே தெரிஞ்செடுத்த ஆள். உங்களுக்கெல்லாம் நான் ஏன் பதில் சொல்லணும்?"

"விரல வெட்டச் சொன்னது யாரு? என்ட மச்சாளச் சாகடிச்சது யாரு?" என்று நான் கேட்டேன்.

மறுபடியும் பொல்லுகள் வந்தன. முதலில் வந்தவன் என் தலையில் அடித்தான். கண்ணுக்குள் இரத்தம் வழிய வழிய உலக்கையைச் சுழற்றினேன். மரவள்ளிக் கிழங்கு முறிவது போல ஒரு சத்தம், அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எனக்குப் பின்னால் மற்ற உலக்கைகளும் எழுந்தன. வாயில் சேலையைப் பொத்திக்கொண்டு நிற்கும் பெண்கள்தான், உனக்குத் தெரியும் எல்லோரையும். ஒருத்தியும் பின்வாங்கவில்லை. அவருடைய ஆட்கள் அவரை அணைத்துக்கொண்டு வாகனத்துக்கு ஓடினார்கள். வெறும் தோளோடு போனார்.

எனக்கு வருத்தம் இல்லை. சந்தோஷம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சந்தோஷம்தான். அவருடைய பதவி போகாது என்று தெரியும். கொழும்பில் யாரும் அவரை வெறும் தோளோடு நிறுத்திக் குறை கேட்கவில்லை. பொலிஸ் நாளைக்கு என்னைத் தேடி வரும். பொலிசுக்கு முன்னால் அவருடைய ஆட்களே வரலாம். உலக்கையைக் கழுவிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிறேன்.

பொழுதுபட உன் தம்பி வந்து என் தலைக்கட்டை மாற்றினான். ஒற்றை விரலாலும் உள்ளங்கையாலும் துணியை அமர்த்திப் பிடித்துக்கொண்டு, மறு கையால் முடிச்சுப் போட்டான்.

"இண்டைக்கும் அவர் பதில் சொல்லல்ல மச்சாள்" என்றான்.

"ஓம்" என்றேன். "மறுகா கேப்பம்."