பந்திவிசாரிப்புக்காரரின் மனைவி எழுதுவது

கராகோல்,
வியாழக்கிழமை.

கர்த்தருக்குள் அன்பான மகன் எல்தியாருக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் சுகம். சியோலில் குளிர் விட்டதா? இங்கே ஏரிக்காற்று இன்னும் முகத்தில் அறைகிறது. நம் மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரி. நாலு காலும் வெள்ளை. அதைப் பார்க்க எதிர்வீட்டுப் பிள்ளைகள் வந்து வந்து வேலியை உடைத்துவிட்டார்கள்.

போனில் சொன்னால் நீ நடுவில் வசனம் சொல்வாய், எனக்குக் கோபம் வரும், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பார். அதனால்தான் கடிதம். முழுதும் படித்துவிட்டு அப்புறம் ஜெபம் பண்ணு.

போன மாதம் நீ எழுதியதை அப்பாவுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். வேதாகமக் கல்லூரியில் மற்றவர்கள் தங்கள் அப்பா போதகர், மூப்பர் என்று சொல்லும்போது, உன் அப்பா ஒரு தமாதா, குடிக்கிறவர்கள் நடுவே மைக் பிடித்துக் கல்யாண விருந்து நடத்துகிறவர் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால் இசை ஆசிரியர் என்று சொல்லி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அந்த வரியைத் தாண்டிவிடப் பார்த்தேன். "ஏன் நிறுத்திட்ட, படி" என்றார். படித்தேன். "இசையா? எனக்கு ஒரு பாட்டும் சுதியில வராதே! பையன் நல்லா மாட்டிக்கப் போறான்" என்று சிரித்துவிட்டு, மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். வெகுநேரம் உள்ளே வரவில்லை. ஒரு மாடு அவ்வளவு தண்ணீர் குடிக்காது.

நம் சபையிலும் இந்தப் பேச்சு உண்டு என்பது உனக்குத் தெரியும். விசுவாசிக்கு அந்த வேலை எதற்கு என்று மூப்பர் ஜோல்தோஷ் போன கிறிஸ்துமஸுக்குக்கூடக் கேட்டார். அப்பா விடுவாரா? "ஆண்டவர் முதல் அற்புதம் செஞ்சதே கல்யாண வீட்டுலதான். தண்ணி திராட்சரசமா மாறுச்சே, அதை முதல்ல ருசி பார்த்தது யாரு? பந்திவிசாரிப்புக்காரன்! என் வேலை வேதத்துலயே இருக்கு. உங்க டயர் கடை எந்த அதிகாரத்துல இருக்கு, காட்டுங்க பாப்போம்" என்றார். மூப்பரே சிரித்துவிட்டார். ஆனால் சிரித்த பிறகும் வேலையை விடச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெண்ணைத் தூக்கிவந்து நடத்தும் கல்யாணத்துக்கு அப்பா மைக் பிடிக்கமாட்டார். ஊருக்கே தெரியும். அண்மையில் ஒரு கல்யாணத்துக்குக் கூப்பிட்டார்கள். இது அப்படி இல்லை, பெண்ணும் பையனும் பேசிவைத்துக்கொண்டு வந்தவர்கள் என்று மாப்பிள்ளையின் சித்தப்பா ரொட்டியைக் கையில் பிடித்துச் சத்தியம் பண்ணினார். நம்பிவிட்டோம். நான் வழக்கம்போல ஆம்ப்ளி பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுப் போட்டுக்கொண்டிருந்தேன். சாப்பாடு நன்றாக இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பெரியவர்களுக்கு வைக்கும் ஆட்டுத் தலை வந்தது, மாமா, பெரியப்பா என்று வரிசையாக எழுந்து வாழ்த்தினார்கள். அப்பா அவர்களுக்கு நடுவே தன் பழைய ஜோக்கை எடுத்துவிட்டார். உனக்கும் மனப்பாடம்தானே? "அந்தக் காலத்துல பொண்ணைக் குதிரையில தூக்கிட்டு வந்தா பொண்ணு கத்துவா. இப்ப கார்ல தூக்கிட்டு வந்தா மாப்பிள்ளைதான் கத்துறான், பெட்ரோல் விலையைப் பார்த்து!"

மண்டபம் குலுங்கியது. எப்போதும் அந்த இடத்தில் அப்பா மணமக்களைத் திரும்பிப் பார்ப்பார். பார்த்தார். அந்தப் பெண் சிரிக்கவில்லை. கண்ணீர் கன்னத்தில் வழிந்து தட்டில் விழுகிறது, துடைக்கக்கூட இல்லை. பக்கத்தில் ஒரு அத்தை அவள் தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருக்கிறாள்.

அப்பா பேச்சை நிறுத்திவிட்டார். உன் அப்பா மைக்கில் பேச்சு நின்று நான் பார்த்ததே இல்லை. வயர்தான் போய்விட்டது என்று நினைத்துக் குனிந்து தேடினேன். நிமிர்ந்தபோது அவர் பெண்ணுக்கு எதிரே நிற்கிறார். "இவ்வளவு நேரம் எல்லாரும் பேசினாங்க. நீ ஒரு வார்த்தை பேசல. மகளே, உன் இஷ்டத்துலதான் இங்க வந்தியா?" என்று கேட்டு, மைக்கை அவள் கையில் கொடுத்துவிட்டார்.

சித்தப்பாக்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "அந்தச் சனியனை நிறுத்தும்மா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நான் குமிழில் கை வைத்தேன். சத்தத்தைக் கூட்டினேன். ஆமாம், வேண்டுமென்றேதான் கூட்டினேன்.

முதலில் அவள் மூச்சுதான் மண்டபம் முழுக்கக் கேட்டது. அப்புறம், "எனக்கு இன்னும் ரெண்டு பரீட்சை பாக்கி இருக்கு. நான் வீட்டுக்குப் போகணும்" என்றாள். அவ்வளவுதான். பெகிமை அவள் பெயர். நர்ஸ் படிப்பு, கடைசி வருடம்.

பிறகு நடந்த கூச்சலை என்ன எழுதுவது? சித்தப்பா அப்பாவின் சட்டையைப் பிடித்துவிட்டார். "ரஷ்யக்காரன் சாமிக்கு விலைபோன பயலே, எங்க வழக்கத்தைப் பத்திப் பேச நீ யாரு?" என்று கேட்டார். நம் கர்த்தரை இங்கே அப்படித்தானே சொல்வார்கள். அப்பா கையைத் தட்டிவிடக்கூட இல்லை. "நான் யாருமில்லைங்க, விருந்து நடத்த வந்தவன். விருந்துன்னா எல்லாருக்கும் பேச்சு உண்டு. என் சாமியைத் திட்டணுமா, திட்டுங்க, அவர் தாங்குவார். இந்தப் பொண்ணு தாங்கமாட்டா" என்றார். மைக் இல்லாமல் சொன்னார். கடைசி மேஜை வரைக்கும் கேட்டது.

அப்போது பெண்ணின் அம்மா எழுந்தாள். போன மாதம், தூக்கிவந்த அன்று, "போன இடத்துலயே இரு, மானம் போயிடும்" என்று மகளிடம் சொன்னவள் அவள்தானாம். நேராக வந்தாள். மகள் தலையில் மருமகள் ஆனதற்கு அடையாளமாக இவர்கள் கட்டிய வெள்ளைத் துணியை அவிழ்த்தாள். துவைத்த துணியை மடிப்பதுபோல மடித்து மாமியார்க்காரி முன்னால் வைத்தாள். தன் கோட்டைக் கழற்றி மகளுக்குப் போட்டு வாசலுக்குக் கூட்டிப் போனாள். இரண்டு பேர் வழிமறிக்க ஓடினார்கள். "விடுங்கடா!" என்றான் மாப்பிள்ளை. அவனையும் யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஒலிபெருக்கி ஒன்றை உதைத்து உடைத்துவிட்டார்கள். போகட்டும். வீடு திரும்பும்போது அப்பா காரை ஓரங்கட்டி நிறுத்தினார். "அந்த ஜோக்கை எத்தனை வருஷமா சொல்லியிருக்கேன், ரகத். சிரிக்காம எத்தனை பொண்ணுங்க உக்காந்திருந்தாங்களோ" என்றார். பிறகு ஸ்டியரிங்கில் தலை வைத்து அழுதார். உன் அப்பா அழுது நீ பார்த்ததில்லை. நானும் அன்றுதான் பார்த்தேன்.

யாரோ போனில் படம் பிடித்துப் போட்டுவிட்டார்கள். நாடு முழுக்கச் சண்டை. பாதிப் பேர் அப்பாவை இனத்துரோகி, வழக்கத்தை அழிக்க வந்தவன் என்கிறார்கள், பாதிப் பேர் சிங்கம் என்கிறார்கள். சந்தையில் கறிக்கடைக்காரர் எனக்குக் கறி கொடுக்க மறுத்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரரோ இரண்டு எலும்பு கூடப் போட்டுக் கொடுத்தார். மூப்பர் ஜோல்தோஷ் வீட்டுக்கு வந்தார். குடி விருந்து தனக்கு இன்னமும் பிடிக்கவில்லை என்றுதான் ஆரம்பித்தார். தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, "நான் அங்க இருந்திருந்தா தலையைக் குனிஞ்சு சாப்பிட்டிருப்பேன்" என்றார். பெகிமை பரீட்சை எழுதிவிட்டாளாம். அவள் அம்மா ஒரு பாத்திரம் நிறைய மாவில் போர்சோக் பொரித்துக் கொடுத்தனுப்பினாள்.

எனக்குப் பெருமையாக இருக்கிறது, எல்தியார். பெருமை பாவம் என்று எழுதுவாய். எழுது. நான் தெருவில் தலை நிமிர்ந்து நடக்கிறேன், கறி கிடைக்காத நாளிலும்.

ஆனால் அப்பாவிடம் பேசிவைத்திருந்த கல்யாண விருந்துகள் எல்லாம் ரத்தாகிவிட்டன. ஒன்றே ஒன்று வந்திருக்கிறது. பாலிக்சியிலிருந்து ஒரு பெண் தானே கூப்பிட்டாள். "என் கல்யாணத்துக்கு அவர்தான் வேணும். முதல்ல என்கிட்ட மைக்கைக் கொடுத்துக் கேக்கணும், நான் சத்தமா ஆமான்னு சொல்லணும்" என்றாள். வருகிற மாதம் விருந்து. அப்பா இப்போதே தயார் பண்ணுகிறார். பழைய ஜோக் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார். புதிதாக ஒன்றும் வரவில்லை. சமையல்கட்டில் உட்கார்ந்து என்னிடம் சொல்லிப் பார்க்கிறார். நான் சிரிப்பதுபோல் நடிக்கிறேன், அவர் கண்டுபிடித்துவிடுகிறார். இந்த வீடு இவ்வளவு அமைதியாக இருந்ததே இல்லை.

நீ மன்னிப்புக் கேட்டு எழுத வேண்டாம். அவருக்கு அது தர்மசங்கடம். ஒரு ஜோக் எழுதி அனுப்பு. யாரையும் நோகடிக்காத ஒன்று. சின்ன வயதில் மேஜை மேல் ஏறி நின்று அவரைப்போலவே பேசிக் காட்டியவன் நீ, உனக்கு வராதா? சீக்கிரம் அனுப்பு. அதை அவர் தன்னுடையதாகச் சொல்லிக்கொள்ளமாட்டார். நிறைந்த மண்டபத்தில், மைக்கில், "இது என் மகன் எல்தியார் சொன்னது, சியோலில் போதகருக்குப் படிக்கிறான்" என்று உன் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். உன்னைப் பற்றிச் சொல்ல அவருக்கு ஒருநாளும் வெட்கமில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக.

உன் தலையில் கை வைத்து,
அம்மா ரகத்