அரியர் பேப்பரும் மயிலின் கண்ணும்

செப்டம்பர் 16, 2025, செவ்வாய்

சென்னீர்குப்பம் கம்பெனியில் இன்டர்வியூ. லிஃப்ட் கதவும் ஸ்டீல் கதவும் செய்கிறவர்கள். ஒரு பூ டிசைனைக் கொடுத்து லேசர் கட்டிங்குக்கு வரையச் சொன்னார்கள். டீ வருவதற்குள் முடித்துவிட்டேன். எதிரில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். டிசைன் இன்சார்ஜ் வேலை, எனக்குக் கீழே நாலு பேர். எல்லாம் முடிந்த மாதிரிதான் இருந்தது.

அப்புறம் ஹெச்.ஆர். பொண்ணு கேட்டாள், "டிகிரி சர்டிஃபிகேட் மேடம்?"

மாட்டிக்கிட்டேன். பி.இ.யில் ஒரே ஒரு அரியர். எந்தப் பேப்பர்? கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ்! காலேஜ் முடிச்ச நாளிலிருந்து அதை வெச்சுத்தான் சோறு தின்னுக்கிட்டு இருக்கேன். சிரிக்கிறதா, தலையில அடிச்சுக்கிறதா?

"மார்ச்சுக்குள்ள சர்டிஃபிகேட்டோட வாங்க, இடம் வெச்சிருப்போம்" என்றார்கள். பழைய பேட்ச் ஆட்களுக்கு இந்த நவம்பர்தான் கடைசி வாய்ப்பு, இதற்கு மேல் கிடையாது என்று யுனிவர்சிட்டியும் சொல்லிவிட்டது.

விடுவேனா? எழுதித் தள்ளிடுவேன்.

செப்டம்பர் 20, சனி

ஃபீஸ் கட்டியாச்சு. சத்தியராஜுக்கு ஒரே குஷி. "கொஸ்டின் பேப்பரையும் நீயே டிசைன் பண்ணிக் குடுத்துடேன் ஹெலினா" என்கிறார். அவருடைய டிஃபென்ஸ் ஃபேக்டரி கேன்டீன் முழுக்க சொல்லிவிட்டாராம். இனி குவார்ட்டர்ஸில் பால் வாங்கப் போனாலும் "படிச்சாச்சா?" என்பார்கள். இந்த மனுஷனைக் கட்டிக்கொண்டு ஒரு ரகசியம் வைத்துக்கொள்ள முடியாது.

செப்டம்பர் 27, சனி

கார்த்திகா எனக்கு மாடல் டெஸ்ட் வைத்தாள். நான் இப்போது வேலை பார்க்கிற லேசர் கட்டிங் யூனிட்டில் புதிதாகச் சேர்ந்த பொண்ணு. இந்தப் பேப்பரில் காலேஜ் ஃபர்ஸ்ட். ஆனால் கேட்டுக்குக் கீல் எந்தப் பக்கம் வரும் என்று இன்னும் என்னிடம்தான் கேட்பாள்.

கேள்வி: கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸின் வகைகளை விளக்குக. நான் எழுதியது: கேட் டிசைன், ஜன்னல் கிரில், பெயர்ப் பலகை, பூஜை ரூம் கதவு. ஒவ்வொன்றையும் எப்படி வரைவது என்று பக்கம் பக்கமாக எழுதினேன்.

வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, இது நம்ம ரேட் கார்டு."

நூற்றுக்கு முப்பத்தொண்ணு. எனக்கு! "எழுதினது தப்பா?"ன்னு கேட்டா, "கரெக்ட்தான்க்கா, ஆனா மார்க் வராது"ங்கறா. சுருக்கென்று கோபம் வந்து டிபன் பாக்ஸைக்கூட மூடாமல் எழுந்து போய்விட்டேன். அவள் என் மிச்ச சாதத்தையும் சாப்பிட்டுவிட்டாள்.

அக்டோபர் 1, புதன்

யூனிட்டில் ஆயுத பூஜை. லேசர் மெஷினுக்குச் சந்தனம், மானிட்டருக்குப் பொட்டு, மவுஸுக்குக்கூட ஒரு துளி குங்குமம். ஓனர் ஜம்புலிங்கம் அண்ணன் என் பையிலிருந்த கிராஃபிக்ஸ் புத்தகத்தைப் பார்த்துவிட்டார். அதையும் பிடுங்கி மெஷின்மேல் வைத்துக் கற்பூரம் காட்டினார். "இன்னிக்கு இத்த தொடக் கூடாது, தெரிமா? சாமிக்கு வெச்ச பொஸ்தகம்." எதற்குப் படிக்கிறேன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சர்ச்சுக்குப் போகிறவள்தான் நான். இருந்தாலும் ஒரு நாள் படிக்க வேண்டாம் என்று சொன்ன சாமிக்கு நன்றி.

அக்டோபர் 5, ஞாயிறு

இன்று உட்கார்ந்து கிராஃபிக்ஸ் வரலாறு படித்தேன். காலேஜில் இதை வெறும் வருஷமும் பெயருமாகத்தான் உருப்போட்டேன், பரீட்சை ஹாலில் எல்லாம் கலந்துபோகும். இப்போது படித்தால் எழுந்து நடக்கிறேன், உட்கார முடியவில்லை.

ஐம்பதுகளில் அமெரிக்காவில் வானத்தைக் காவல் காக்கிற ராணுவத்துக்காகத்தான் முதல் முதலில் கம்ப்யூட்டரைத் திரையோடு சேர்த்திருக்கிறார்கள். விமானம் புள்ளியாகத் தெரியும், ஆட்கள் அதைத் துப்பாக்கி மாதிரி ஒரு கருவியால் தொட்டுக் காட்டுவார்கள். "பாத்தியா, ஆரம்பமே எங்க டிபார்ட்மென்ட்" என்று சத்தியராஜ் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். 1963-ல் சதர்லேண்ட் என்கிற மாணவர் ஒளிப்பேனாவால் திரையிலேயே கோடு வரைந்து, அதை இழுத்து, நீட்டி, திருப்பிக் காட்டியிருக்கிறார். நான் தினமும் செய்கிறது அதுதானே!

ஆனால் என்னை எழுப்பி நிறுத்தியது வேறு. அந்தக் காலத்துத் திரையில் இப்போது மாதிரி லட்சக்கணக்கான புள்ளிகள் கிடையாது. கோடு எங்கே போக வேண்டுமோ அந்த வழியிலேயே ஒளி ஓடும். இங்கே ஆரம்பி, அங்கே போ, திரும்பு. அது வெக்டர். மெமரி விலை குறைந்த பிறகுதான், எழுபதுகளில், திரையையே புள்ளிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுக்கிற ராஸ்டர் முறை பரவியது. செல்போன் ஃபோட்டோவைப் பெரிசு பண்ணினால் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே, அது.

அப்போ எங்க லேசர் மெஷின்? இங்கே ஆரம்பி, அங்கே போ, திரும்பு! திரை ராஸ்டருக்கு மாறியாச்சு, எங்க மெஷின் இன்னும் அந்தப் பழைய திரை போன வழியிலேயே போகுது. இத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கேன், தெரியலையே.

இன்னொரு வகைப் பிரிவும் இருக்கிறது. நாம் தொட்டால் பதில் சொல்வது ஒன்று, சும்மா காட்டிக்கொண்டே இருப்பது இன்னொன்று. "நான் எந்த வகை?" என்றார் சத்தியராஜ், சோபாவில் படுத்தபடி. ஞாயித்துக்கிழமையில நீங்க ரெண்டாவது வகை என்றேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

கேவலம். கேவலம்.

வெள்ளானூர் புஷ்பா அம்மாவின் புது வீட்டுக் கேட். தோகை விரித்த மயில். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது மங்கலான ஃபோட்டோ. எப்போதும் நான் அதன்மேல் ஒவ்வொரு கோடாகக் கையால்தான் வரைவேன். இன்று மதியத்துக்குள் ஒரு பாடத்தை முடித்துவிடலாம் என்று ஃபோட்டோவைத் தானே கோடாக்கிக் கொடுக்கிற ஆட்டோ ட்ரேஸ் பட்டனைத் தட்டிவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். ராஸ்டரையும் வெக்டரையும் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன், அந்த நேரத்தில்!

மெஷின் திக்கித் திக்கி ஓடிய சத்தத்திலேயே புரிந்திருக்க வேண்டும். புள்ளியைக் கோடாக மாற்றச் சொன்னால் அது மங்கலான அழுக்கையும் சேர்த்துக் கோடாக்கிவிடும். வட்டத்துக்குள் வட்டம் வந்தால் உள்வட்டம் பிடிப்பு இல்லாமல் விழுந்துவிடும். அதனால் நடுவில் சின்னப் பாலம் விட்டு வரைய வேண்டும். மெஷினுக்குப் பாலம் தெரியுமா? தகட்டைத் தூக்கினோம். டிங், டிங், டிங். தோகைக் கண்ணெல்லாம் கீழே. கடைசியாக மயிலின் கண்.

ஜம்புலிங்கம் அண்ணன் குனிந்து அதை எடுத்தார். "இன்னாமா இது? கண்ணு பூட்ச்சே! குருட்டு மயிலயா கேட்ல மாட்டுவாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ஒரு முழுத் தகடு வேஸ்ட்.

அக்டோபர் 15, புதன்

காலையிலேயே போய்ப் புத்தகத்தை உள்ளே பூட்டிவிட்டு உட்கார்ந்தேன். ஒவ்வொரு இறகும் கையால். பாலம் இருப்பதே தெரியாத மாதிரி இறகு நரம்பாகவே அதை வரைந்துவிட்டேன். சாயங்காலம் வெட்டினோம். ஒன்றும் விழவில்லை. புஷ்பா அம்மா வந்து தடவிப் பார்த்து, "என்னையே பாக்குதும்மா" என்றார். பின்னே? வரைந்தது யார்!

அப்புறம் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சென்னீர்குப்பம், டிகிரி, பரீட்சை. மிச்ச டீயை வாசலில் ஊற்றிவிட்டு வந்தார்.

"போறதுன்னா போ. நீ பூட்டா மெஷின் நின்னுடுமா? நானே குந்திகினு வரைவேன்."

"உங்களுக்கு மவுஸே பிடிக்கத் தெரியாதுண்ணே."

"கத்துக்குறேன். மொதல்ல நீ பாஸ் ஆவு."

மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். நாளைக்கே போகிறேன் என்றா சொன்னேன்? சங்கடமாக இருக்கிறது.

நவம்பர் 9, ஞாயிறு

என் பரம எதிரி பிரசன்ஹாம். சாய்ந்த கோட்டைக் கட்டங்களில் எப்படிப் போடுவது என்கிற கணக்கு. என்னை ஒவ்வொரு தடவையும் கவிழ்த்தது இதுதான். கார்த்திகா சொன்னாள், இதை 1962-ல் எழுதினது திரைக்காக இல்லையாம், பேனாவைப் பிடித்துக் காகிதத்தில் வரைகிற மெஷினுக்காகவாம். நேராக ஒரு அடி போகலாமா, சாய்வாக ஒரு அடி போகலாமா, கோட்டுக்கு எது கிட்டே? ஒவ்வொரு அடிக்கும் இந்த ஒரு கேள்விதான். அட, மெஷின் நடக்கிற கணக்கா இது! இதை முதல்லயே சொல்லித் தொலைக்கக் கூடாதா அந்த லெக்சரர்?

மூன்று கணக்கு போட்டேன். மூன்றும் சரி. கார்த்திகாவுக்குப் பிரியாணி. பதிலுக்குப் பாலம் விட்டு வரைவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன், சட்டென்று பிடித்துக்கொண்டாள்.

நவம்பர் 24, திங்கள்

நாளைக்குப் பரீட்சை. பயமா? எனக்கா? கொஞ்சம்.

நவம்பர் 25, செவ்வாய்

ஹாலுக்குள் நுழைந்ததும் பசங்க எழுந்து "குட் மார்னிங் மேம்" என்றார்கள். நானும் குட் மார்னிங் சொல்லிவிட்டுக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஹால் டிக்கெட்டில் காலேஜ் சேர்ந்தபோது எடுத்த ஃபோட்டோ, கட்டம் கட்டமாக. "இது நீங்களா?" என்று சூப்பர்வைசர் உற்று உற்றுப் பார்த்தார். "நான்தான் சார், ராஸ்டர்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வரலாறும் வகைகளும் பெரிய கேள்வியாகவே வந்தது. கார்த்திகா சொன்னபடி முதலில் வரையறை, தலைப்பு, பென்சிலால் அடிக்கோடு. உதாரணம் என்ற இடத்தில் மயிலை வரைந்தேன். ஆட்டோ ட்ரேஸில் கண் விழுந்ததையும், கையால் வரைந்ததில் நின்றதையும் எழுதினேன். மார்க் போட்டால் போடட்டும். பிரசன்ஹாமும் வந்தார். எதிரி கைகொடுத்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 3, 2026, செவ்வாய்

ரிசல்ட் சைட் திறக்கலை. வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு. எந்த மகராசன் வரைஞ்ச வட்டமோ, நல்லா இருக்கட்டும்.

மார்ச் 2, திங்கள்

சென்னீர்குப்பத்தில் முதல் நாள். புது மேஜை, பெரிய மானிட்டர். நாலு பேரும் பெயர் சொல்லிக் கை கொடுத்தார்கள். ஜன்னல் வழியே ஹைவே தெரிகிறது.

சனிக்கிழமை கிளம்பும்போது ஜம்புலிங்கம் அண்ணன் பேப்பரில் சுற்றி ஒன்றைக் கையில் திணித்தார். "வூட்ல போய்ப் பிரி." பஸ்ஸிலேயே பிரித்துவிட்டேன். மேஜைமேல் வைக்கிற ஸ்டீல் பெயர்ப் பலகை: ஹெலினா சத்தியராஜ், பி.இ. கோடெல்லாம் நடுங்கிப்போய், சுழிக்குள் இருந்ததெல்லாம் விழுந்து, எழுத்தெல்லாம் ஓட்டை ஓட்டையாக. ஒரு பாலம்கூட இல்லை. கார்த்திகாவுக்கு ஃபோன் போட்டேன். "அவரே உக்காந்து ஆட்டோ ட்ரேஸ் பண்ணாரு அக்கா, என்னைக் கிட்டயே விடலை. ஒழுங்கா திருப்பி வெட்டித் தரட்டுமா?" என்றாள்.

தொட்டே, கையை உடைப்பேன்னு சொல்லிட்டு ஃபோனை வெச்சேன். மயிலுக்குக் கண்ணு போன அன்னைக்குக்கூட நான் அழலை.

மானிட்டருக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். எனக்குக் கீழே வேலை செய்கிற பையன் ஒருவன் பார்த்துவிட்டு, "மேடம், இதுல எழுத்துக்குள்ள இருந்ததெல்லாம் விழுந்துடுச்சே, புதுசு போட்டுத் தரவா?" என்றான்.

வேண்டாம்ப்பா, அது எங்க ஓனர் வரைஞ்சது என்றேன்.