இரண்டாவது சங்கு

1932, ஏப்ரல் 11

ஜெயிலிலிருந்து வெளியே வந்து ஒரு வாரமாகிறது. காலையில் மாட்டுக்கொட்டகையிலிருந்து திரும்பி, சமையலறைக் கதவின் முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். ஜன்னல் வழியே என் மனைவி வெர்னா பார்த்துவிட்டாள்.

"கதவு பூட்டல. கைப்பிடின்னு ஒண்ணு இருக்கு பாரு, அதத் திருகணும்."

எட்டு வருடமாக எனக்குக் கதவு திறந்துவிட்டவர்கள் வார்டர்கள். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அவள் அண்ணன் ஹோமர் மட்டும் சிரிக்கவில்லை. காலை இழுத்து இழுத்து வந்து திறந்துவிட்டு, "வா மாப்ளே, காபி ஆறுது" என்றார். நான் போட்டிருக்கும் கம்பளிக் காலுறைகூட அவருடையதுதான்.

ஏப்ரல் 13

இந்தப் பண்ணையில் எவ்வளவு அமைதி! உள்ளே எல்லாவற்றுக்கும் நீராவிச் சங்கு. அது ஊதினால் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு, எழுந்து அசையாமல் நிற்க வேண்டும். தலைகளை எண்ணுவார்கள். இரண்டாவது சங்கு ஊதினால்தான் விடுதலை. அதற்கு முன்னால் மூக்கைச் சொறிந்தவனை இருட்டறையில் போட்டார்கள். திரும்பி வந்தவன் யாரோடும் பேசவில்லை.

இங்கே கோழிகள்தான் கத்துகின்றன. கத்தட்டும்.

மே 3

இன்றும் வேலை இல்லை. இரும்புக்கடைக்காரன், "பேங்க்ல கொள்ளையடிச்சவன் வந்து கல்லாப்பெட்டி பக்கத்துல வேலை கேக்குறியே, உனக்கே சிரிப்பு வரலயா?" என்றான். எனக்கு வரவில்லை.

ஜூன் 20

கடனுக்காக ஹோமரின் பண்ணையை ஏலம் விடப்போவதாகப் போன வாரம் வாசல் கம்பத்தில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். நான் உள்ளே இருந்த காலமெல்லாம் வெர்னாவுக்குச் சோறு போட்ட மண் இது.

பேச்சை எடுத்தது ஹோமர்தான், நானில்லை. பக்கத்து மாவட்டத்தில் மாவு மில் இருக்கும் ஊரின் பெயரைச் சொன்னார். அங்கே ஒரு சின்ன பேங்க். முடியாது என்றேன். இரண்டு நாள் கழித்து, தனியாகப் போகிறேன் என்றேன்.

"தனியாப் போனா நீ திரும்பி வரமாட்ட. கார நான் ஓட்டுறேன்."

ஜூலை 2

வெர்னாவுக்குத் தெரிந்துவிட்டது. கத்துவாள் என்று நினைத்தேன். உருளைக்கிழங்கு தோலைச் சீவிக்கொண்டே சொன்னாள்.

"ரெண்டு பேரும் நான் சொன்னா கேக்கமாட்டீங்க. என் அண்ணன மட்டும் முழுசாக் கொண்டுவந்து விட்டுடு. வேற எதுவும் உங்கிட்ட கேக்கல."

சத்தியம் செய்தேன்.

ஜூலை 13

திரும்பி வரும் சரளைச் சாலைகளை எல்லாம் ஓட்டிப் பார்த்துவிட்டோம். பேங்க் திறந்ததும் உள்ளே, உடனே வெளியே. நாளைக்கு.

ஜூலை 16

ஹோமர் போய்விட்டார்.

ஜூலை 19, மாவட்ட லாக்கப்

எழுதித்தான் ஆக வேண்டும். வழியில் டயர் பஞ்சர். மாற்றிவிட்டுப் போய்ச் சேரும்போது மதியம் நெருங்கிவிட்டது. அப்போதே திரும்பியிருக்கலாம், பாவி நான்.

உள்ளே எல்லாம் சரியாகவே நடந்தது. யாரையும் தொடவில்லை. பையோடு படி இறங்குகிறேன், மில்லில் மதியச் சங்கு ஊதியது.

நின்றுவிட்டேன். பை கீழே கிடந்தது. கைகள் தானாகத் தொங்கின.

எல்லாம் கேட்டது. "மாப்ளே, ஏறு" என்று காரிலிருந்து கூப்பிட்டார். மறுபடி கூப்பிட்டார். பிறகு இறங்கி, நொண்டிக்கொண்டே வந்து, என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். முடிதிருத்தும் கடையிலிருந்து சோப்பு முகத்தோடு ஓடிவந்த காவலர் சுட்டார். ஹோமர் என் காலடியில் விழுந்தார். அப்போதும் நான் நின்றுகொண்டுதான் இருந்தேன் — எதற்கு? இரண்டாவது சங்குக்கு.

செப்டம்பர் 8

இருபத்தைந்து வருடம். பழைய ஜெயிலுக்கே. காவலரோடு முன்பே பேசிவைத்துக்கொண்டு மைத்துனனைக் காட்டிக்கொடுத்தேன் என்று பத்திரிகை எழுதுகிறது. நடந்ததை வக்கீலிடம் சொல்லி அனுப்பினேன். வெர்னாவின் பதிலை அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கதை கட்ட அவனுக்கு எட்டு வருஷம் நேரம் கிடைச்சிருக்கு."

அடுத்த இருபத்தைந்தைத் தள்ளிவிடலாம். இதை எப்படித் தள்ளுவது?

நவம்பர் 24

நன்றி நாள் பண்டிகை. பன்றிக்கறி. அவளிடமிருந்து ஒன்றுமில்லை.

1933, பிப்ரவரி 5

வந்தாள். பனியில் ரயில் தாமதமாம், பார்வை நேரம் முடியும்போதுதான் உள்ளே விட்டார்கள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் ஹோமரின் கோட்டில் உட்கார்ந்திருந்தாள். நலமா என்றுகூடக் கேட்கவில்லை.

"அவரு கூப்பிட்டது உன் காதுல விழுந்துச்சா, இல்லையா? அத மட்டும் சொல்லு."

"விழுந்துச்சு. வெர்னா, நான் —"

சங்கு ஊதியது.

அவள் ஏதோ கேட்டாள், வலையைத் தட்டினாள், என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எல்லாம் கேட்டது. நான் நின்றேன். வரிசையில் இருந்த எல்லோரும் நின்றோம். மறுபடி ஊதியபோதுதான் என் நாற்காலி பின்னால் விழுந்து கிடப்பது தெரிந்தது.

அவள் முகம் வெளுத்திருந்தது. வெகு நேரம் என் கைகளையே பார்த்தாள்.

"அந்த மில்லுல ரெண்டாவது தடவ ஊதலயா?"

"இல்ல. அங்க ஒரு தடவதான்."

வார்டர் நேரமாகிவிட்டது என்றதும் எழுந்து போனாள். மறுபடி வருவாளா, தெரியாது.

சாயங்காலம் எனக்கு ஒரு பொட்டலம் வந்தது. வாசலில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறாள். உள்ளே ஹோமரின் கம்பளிக் காலுறை, குதிகாலில் புதிதாகத் தைத்திருந்தது.

போட்டுக்கொண்டேன்.